மணிக்கட்டில் இரண்டு கயிறு

கைக்கடிகாரப் பட்டை செய்கிறவர்கள் ஒன்றை நம்பித்தான் செய்கிறார்கள்: கட்டிக்கொண்டவரின் மணிக்கட்டு காலையில் இருந்த பருமனிலேயே மாலையிலும் இருக்கும். தரையில் இருக்கும்வரை அந்த நம்பிக்கைக்குக் குறையில்லை. வெட்சூட் போட்டுக்கொண்டு கடலில் இறங்குகிறவருக்குப் பத்தாவது மீட்டரிலேயே அது ஆட்டம் காணத் தொடங்கிவிடும்.

வெட்சூட் நியோப்ரீன் என்ற ரப்பரால் ஆனது. அந்த ரப்பருக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஏராளமான வாயுக்குமிழ்கள் அடைபட்டிருக்கின்றன. உடல்வெப்பத்தைக் காப்பது உண்மையில் அவைதான். கடல்மட்டத்தில் நம்மீது இருப்பது ஏறக்குறைய 1 பார் அழுத்தம். 10 மீட்டரில் 2 பார். 30 மீட்டரில் 4 பார். அழுத்தம் ஏற ஏறக் குமிழ்கள் சுருங்கும், சூட் மெலியும். மணிக்கட்டைச் சுற்றியிருக்கும் 5 மில்லிமீட்டர் சூட் பாதியாக மெலிந்தால் சுற்றளவில் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் போய்விடும். பள்ளிக்கூடத்து வட்டக் கணக்குதான்: ஆரத்தில் 2.5 மி.மீ. குறைந்தால் சுற்றளவில் அதைப்போல 6.28 மடங்கு குறையும். படகில் உட்கார்ந்து கச்சிதமாகப் பூட்டிய பட்டை, ஆழத்தில் இரண்டு மூன்று துளை தளர்த்திவிட்டதுபோல் தொளதொளவென்று ஆகிவிடும்.

தளர்ந்த பட்டையில் கனமான கருவி சும்மா இருக்காது. ஆழத்தையும் நேரத்தையும் அளந்து, எங்கே எவ்வளவு நேரம் நின்று ஏற வேண்டும் என்று சொல்லும் டைவ் கம்ப்யூட்டர் மணிக்கட்டின் அடிப்பக்கத்துக்குப் புரண்டுவிடும். ஆழம் பார்க்க வேண்டுமென்றால் கையை முறுக்கிப் பார்க்க வேண்டும், அல்லது மற்றக் கையால் அதைத் திருப்பி வைக்க வேண்டும். அந்த மற்றக் கையில் விளக்கோ கேமராவோ இருக்கும். கீழே போனதும் ஒருமுறை இறுக்கிக்கொண்டால் போதாதா என்று கேட்பார்கள். இறுக்கலாம். மேலே வரும்போது குமிழ்கள் மறுபடி விரியும், பட்டை கையைக் கவ்வும். அதைத் தளர்த்துவதற்காகக் கையுறை போட்ட விரல்களால் கொக்கியைத் தடவிக்கொண்டிருக்கும் நேரம், ஏறும் வேகத்தைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்திருக்க வேண்டிய நேரம்.

இலங்கையின் நிலாவெளிக்கு எதிரே ஒரு பாறைத்திட்டில் முக்குளித்துவிட்டு ஏறிக்கொண்டிருந்தோம். 5 மீட்டரில் மூன்று நிமிட நிறுத்தம். என் நண்பர் வழக்கம்போல இடது கையைத் திருப்பிப் பார்த்தார். அங்கே வெறும் நியோப்ரீன்தான் இருந்தது. ஏதோ கணக்குத் தப்பியதுபோல வலது கையையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் கருவியை அவர் முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்தேன். மூன்று நிமிடமும் இருவரும் ஒரே மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். படகில் ஏறியதும் பையைக் கொட்டிப் பார்த்தார், சூட்டின் கைப்பகுதியை உதறிப் பார்த்தார், மனித இயல்பு அது. கருவி கீழே எங்கோ மணலில் ஓடிக்கொண்டிருந்திருக்கும், யாருடைய ஆழத்தையோ கணக்கிட்டபடி. அது எப்போது கழன்றது என்று அவருக்குத் தெரியாது. அருகிலேயே நீந்திய எனக்கும் தெரியாது.

ஊருக்குத் திரும்பியதும், கடிகார வடிவத்தில் இருந்த என் பழைய கருவியை சென்னை பர்மா பஜாரில் ஒரு கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனேன். பட்டையைக் கருவியுடன் பிணைப்பது ஒரு சிறிய பின். நடுவில் குழாய், உள்ளே ஸ்பிரிங், இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பருமனில் முனைகள். அவர் அதைக் கிடுக்கியால் எடுத்து, கண்ணில் லென்ஸை மாட்டிப் பார்த்துவிட்டு, லென்ஸை என்னிடம் நீட்டினார். வெளியே பின் பளபளவென்றுதான் இருந்தது. முனை குழாய்க்குள் போகும் இடத்தில் மட்டும் பழுப்பாக ஒரு வளையம். அதை நகத்தால் தள்ளினால் உள்ளே போய் மெதுவாக, பாதி தூரம்தான் திரும்பி வந்தது. "சார், இதைக் கழுவினால் வெளியேதான் கழுவலாம். உள்ளே போன உப்பு உள்ளேதான் இருக்கும்" என்றார். புதுப் பின் போட்டுக் கொடுத்தார், விலை சொல்லக் கூச்சப்படும் அளவுக்குச் சிறிய தொகை. பல்லாயிரம் ரூபாய்க் கருவி அந்த ஒரு மில்லிமீட்டரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

கடிகாரக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் தெரியாததல்ல. பிரெஞ்சுக் கடற்படையின் முக்குளிப்பு வீரர்கள் பாராசூட்டின் எலாஸ்டிக் நாடாவை வெட்டித் தங்கள் கடிகாரங்களுக்குப் பட்டையாக்கிக்கொண்டார்கள். சூட் சுருங்கினால் நாடாவும் சுருங்கும். பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம் 1973இல் வகுத்த தரம் பின்னைப் பற்றிய கவலையைத் தீர்த்தது: ஒரே நைலான் நாடா இரண்டு பின்களுக்கும் அடியில் ஓடுவதால், ஒரு பின் போனாலும் மற்றதில் கடிகாரம் தொங்கும். ஜப்பானின் சைக்கோ 1975இல் 600 மீட்டர் ஆழத்துக்கான கடிகாரத்தைக் கொண்டுவந்தபோது, பட்டையில் ஆர்மோனியத் துருத்திபோல் மடிப்புகள் வைத்தது. டியூடர் 2012இல் பெலகோஸ் கடிகாரத்தின் கொக்கிக்குள்ளேயே ஸ்பிரிங்கை வைத்து, சூட் மெலியும்போது தானாக இறுகவும் தடிக்கும்போது தானாகத் தளரவும் வழிசெய்தது. அருமையான வேலைப்பாடு. விலையும் அதற்கேற்றபடி.

இவற்றில் சில சுருக்கத்தைக் கவனித்தன, ஒன்று பின்னைக் கவனித்தது. இரண்டையும் சேர்த்துக் கவனிப்பது, ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசில் கிடைக்கும் எலாஸ்டிக் கயிறு. பஞ்சி ஜம்பிங்கில் காலில் கட்டிக் குதிக்கிறார்களே, அந்த இனத்தின் மெல்லிய தம்பி.

இதற்குப் பேர்போன இடம் அமெரிக்காவின் வடக்கு புளோரிடா. அங்கே சுண்ணாம்புக்கல்லுக்குள் தெளிந்த நன்னீர் ஓடும் குகைகள் மைல்கணக்கில் போகின்றன. குகைக்குள் இருப்பவருக்குத் தலைக்கு மேலே திறந்த நீர்மட்டம் கிடையாது, பாறைதான். ஏதாவது கெட்டுப்போனால் நேராக மேலே ஏறிவிட முடியாது; வந்த வழியே, போட்டுவைத்த நூலைப் பிடித்துக்கொண்டு வெளியே வர வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் பழகியவர்களுக்குக் கருவிகளைப் பற்றி இரக்கமற்ற பார்வை வந்துவிடுகிறது. கெட்டுப்போகக்கூடியது எது, அது இல்லாவிட்டால் என்ன ஆகும், இதை இன்னும் எளிமையாக்க முடியாதா என்றே கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களில் ஒருவரான வில்லியம் ஹோகார்த் மெயின் என்பவரின் பெயரால் ஒரு முழு உபகரண அமைப்பே இன்றும் அழைக்கப்படுகிறது. 1998இல் தொடங்கப்பட்ட குளோபல் அண்டர்வாட்டர் எக்ஸ்ப்ளோரர்ஸ் அமைப்பு அந்த மரபை உலகமெங்கும் பாடமாக்கியது.

அந்த மரபில் கொக்கிகளுக்கு மரியாதை குறைவு, கயிற்றுக்கும் முடிச்சுக்கும் மரியாதை அதிகம். மூச்சுவிட உதவும் மாற்று ரெகுலேட்டர் கழுத்தில் தொங்குவது எலாஸ்டிக் கயிற்றில். மாற்று விளக்குகள் தோள்வாரோடு ஒட்டிக்கொண்டிருப்பது சைக்கிள் டியூபை வளையமாக நறுக்கிய ரப்பரில். ஆழமானியும் திசைகாட்டியும் மணிக்கட்டில் இருப்பதும் அப்படியே. எந்தக் கையில் எது என்பதற்குக்கூட அவர்களிடம் காரணம் உண்டு. மிதவைச் சட்டையிலிருந்து காற்றை வெளியேற்றும் குழாயை இடது கை உயர்த்திப் பிடிக்கும். அந்த நேரத்தில்தான் ஆழத்தை மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஆகவே ஆழமானி வலது கையில். திசைகாட்டி இடது கையில். மின்கலமும் உலோகமும் உள்ள கருவிக்குப் பக்கத்தில் வைத்தால் காந்த ஊசி அதன் பேச்சைக் கேட்கத் தொடங்கிவிடும் என்பதால் இரண்டும் ஒரே கையில் இருக்கக் கூடாது என்பதும் இதில் தானாகத் தீர்ந்துவிடுகிறது.

இந்த ஏற்பாட்டின் உயிர் இரண்டு கயிறு என்பதில் இருக்கிறது. கருவியின் நான்கு மூலைகளிலும் துளைகள். விரல்பக்கத்து இரண்டு துளைகளை ஒரு துண்டுக் கயிறு மணிக்கட்டைச் சுற்றி இணைக்கும். முழங்கைப்பக்கத்து இரண்டு துளைகளை இன்னொரு துண்டு இணைக்கும். ஒன்றுக்கொன்று எந்தத் தொடர்பும் கிடையாது. ஒன்று அறுந்தாலும் மற்றது முழுசாக நிற்கும்.

இதைச் சொல்லக் காரணம், நான் படகுகளில் பார்க்கும் கட்டுகளில் பல அப்படி இல்லை. ஒரே நீளக் கயிற்றை நான்கு துளைகளிலும் கோத்து, அடியில் பெருக்கல் குறிபோல் மாற்றிப் போட்டு, கடைசியில் ஒரே ஒரு முடிச்சுப் போட்டிருப்பார்கள். பார்க்க இரண்டு கயிறு மாதிரியே இருக்கும், இன்னும் சொல்லப்போனால் கூடுதல் அழகாக இருக்கும். அந்த ஒரு முடிச்சு நழுவினால் நான்கு துளைகளிலிருந்தும் கயிறு சரசரவென்று உருவிக்கொண்டு போய்விடும். இரட்டைப் பாதுகாப்பு என்று நம்பிக்கொண்டிருப்பவரின் கையில் இருப்பது ஒற்றைப் பாதுகாப்பு. இதைக் கண்டால் எனக்கு வாய் சும்மா இருக்காது. கேட்காதவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன், சிலர் முகம் சுளிக்கிறார்கள், சிலர் அங்கேயே அவிழ்த்துக் கட்டுகிறார்கள்.

கயிற்றைத் தேர்வது பெரிய வித்தை இல்லை. உள்ளே மெல்லிய ரப்பர் இழைகளின் கட்டு, வெளியே பாலியஸ்டர் அல்லது நைலான் உறை. பருமன் 4 அல்லது 5 மி.மீ. போதும். 3 மி.மீ. கயிறு வெறுங்கையில் அறுக்கும். 6க்கு மேல் போனால் துளைக்குள் நுழையாது, நுழைந்தாலும் இழுக்க மனமிருக்காது. சென்னைக்காரர்களுக்குப் பாரிமுனைப் பக்கத்துக் கயிற்றுக் கடைகள் இருக்கின்றன. மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். இருசக்கர வண்டியின் பின்னிருக்கையில் மூட்டை கட்ட இரண்டு முனையிலும் கொக்கியோடு விற்கிறார்களே, அதை வாங்கி நறுக்கிப் பயன்படுத்த வேண்டாம். அதன் ரப்பர் வெயிலில் எத்தனை நாள் கடைவாசலில் தொங்கியது என்பது கடைக்காரருக்கே தெரியாது. வாங்குவதற்கு முன் ஒரு முழம் பிடித்து இழுத்துவிடுங்கள். ஏறக்குறைய இரு மடங்கு நீண்டு, விட்டவுடன் வெடுக்கென்று பழைய நிலைக்கு வர வேண்டும். சோம்பலாகத் திரும்பினால் அடுத்த கடைக்குப் போகலாம்.

வெட்டுவதில்தான் பலருக்கும் பொறுமை போகும். கத்தரிக்கோலை அப்படியே வைத்தால் உள்ளே இருக்கும் ரப்பர் இழைகள் விடுபட்ட ஸ்பிரிங்போல உள்ளுக்குள் ஓடிவிடும். முனையில் வெறும் துணிக்குழாய் மிஞ்சும். வெட்டப்போகும் இடத்தில் இன்சுலேஷன் டேப்பை இறுகச் சுற்றி, டேப்பின் நடுவிலேயே வெட்ட வேண்டும். பிறகு முனையை லைட்டர் தீயின் ஓரத்தில் காட்டினால் உறை உருகி ரப்பரோடு ஒட்டிக்கொள்ளும். தீயின் நடுவில் காட்டினால் கரும்புகையும் டயர் எரிக்கும் நாற்றமும்தான் கிடைக்கும். உருகியதை விரலால் உருட்டத் தோன்றும். உருட்டாதீர்கள், உருகிய நைலான் தோலில் ஒட்டினால் தோலோடுதான் வரும். ஒரு கரண்டியின் அடிப்பாகத்தை நனைத்து அழுத்தினால் போதும்.

நீளத்துக்கு வருவோம். என் மணிக்கட்டுச் சுற்றளவு 17 செ.மீ. அதன்மேல் 5 மி.மீ. சூட் போட்டால் 20 செ.மீ. ஆகிறது. கருவியின் உடம்பு அதில் 7 செ.மீ. எடுத்துக்கொள்கிறது. ஆக, கயிறு நிரப்ப வேண்டியது வெறுங்கையில் 10 செ.மீ., சூட்டோடு 13 செ.மீ. இரு மடங்கு நீளும் கயிற்றுக்கு இந்த மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. எனவே வெறுங்கைக்குச் சற்றே இறுக்கமாக, 8 அல்லது 9 செ.மீ. என்று வைத்துக் கட்டினால், வெட்சூட் இல்லாமல் வெதுவெதுப்பான நீரில் இறங்கும் நாளிலும் அது நிற்கும், சூட் போட்ட நாளிலும் நிற்கும், 30 மீட்டரில் அந்தச் சூட் மெலியும்போதும் நிற்கும். உங்கள் கையை அளந்து உங்கள் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். முழங்கைப்பக்கத்துக் கயிறு ஒரு விரற்கடை கூடுதலாக இருக்க வேண்டும், கை அந்தப் பக்கம் பருத்துக்கொண்டு போவதால். இரண்டையும் ஒரே நீளத்தில் கட்டினால் முழங்கைப்பக்கம் அதிகமாக இழுபட்டுக் கருவியை விரல்களை நோக்கித் தள்ளும். தண்ணீர் கடுமையாகக் குளிரும் ஊர்களில் நீர் புகாத டிரைசூட் போடுகிறவர்களுக்கு இந்த அளவு ஒத்துவராது. அவர்கள் தனியாக ஒரு ஜோடி கட்டி வைத்துக்கொள்வதே நல்லது.

முடிச்சுக்கு ஒவ்வொரு முனையிலும் ஒரு சாண் விட்டுவிடுங்கள். மிஞ்சியதைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம், குறைந்ததை ஒட்டவைக்க முடியாது. முனையைத் துளை வழியாக மேலே எடுத்து, கயிற்றின் மேலேயே இரண்டு சுற்றுச் சுற்றி, அந்தச் சுற்றுகளுக்குள் நுழைத்து இழுத்தால் உருண்டையாக ஒரு முடிச்சு விழும். ஒற்றைச் சுற்று முடிச்சு இதற்குப் போதாது. எலாஸ்டிக் கயிறு இழுபடும்போது மெலியும். மெலியும்போது முடிச்சுக்குள் இடம் உண்டாகும். ஒவ்வொரு தடவை கையில் மாட்டும்போதும் முனை ஒரு நூலளவு உள்ளே ஊரும். அதனால் கயிற்றை நன்றாக இழுத்து மெலியவைத்த நிலையிலேயே, முனையைக் குறடால் பிடித்து முடிச்சை இறுக்க வேண்டும். கைவிட்டதும் கயிறு தடித்து முடிச்சைத் தானே கவ்விக்கொள்ளும். வால் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும், இரண்டுக்கு மேல் வேண்டாம். நீண்ட வால் எதிலாவது மாட்டும்.

முடிச்சுகள் கருவியின் மேல்பக்கம், கண்ணில் படும்படி இருப்பதே எனக்குப் பிடிக்கும். அழகாக இல்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் ஆழம் பார்க்கும் ஒவ்வொரு முறையும் நான்கு முடிச்சையும் பார்த்துவிடுகிறேன். வால் குட்டையாகிக்கொண்டே போனால் அது ஊர்கிறது என்று தெரிந்துவிடும். பசை போட்டு ஒட்டிவிட்டால் என்ன என்று ஒருவர் கேட்டார். பசை காய்ந்த இடத்தில் கயிறு விறைத்துப்போகும், விறைத்த இடத்தின் விளிம்பில்தான் முதலில் அறும். முடிச்சை நம்பாதவர் முடிச்சைப் பழகிக்கொள்ள வேண்டும்.

மாட்டிக்கொண்டு கையைத் தொங்கவிட்டு உதறிப் பாருங்கள். மற்றக் கையால் கருவியைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டால் அது தானாக இடத்துக்குத் திரும்ப வேண்டும். பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருங்கள். விரல்நுனி மரத்தால் கயிறு குட்டை. இதைச் சின்ன அசௌகரியம் என்று விட்டுவிடக் கூடாது. கை மரத்துப்போவதும் ஊசி குத்துவதுபோல் உறுத்துவதும், மேலே ஏறும்போது உடம்பில் கரைந்த வாயு குமிழாவதால் வரும் அழுத்தநீக்க நோயின் அறிகுறிகளிலும் உண்டு. ஆழமான முக்குளிப்பு முடிந்து படகில் ஏறியவர் "கை மரத்திருக்கிறது" என்றால், உடனே ஆக்சிஜன் கொடுத்து மருத்துவரைத் தேட வேண்டியது கூட இருப்பவர்களின் கடமை. கயிறு இறுக்கியதுதான் காரணமாக இருக்கும் என்று அவரே சமாதானம் சொல்லிக்கொள்ள இடம் கொடுத்தால், உண்மையான நோயாளிக்கு அது ஆபத்தாகிவிடும். அந்தச் சந்தேகத்துக்கே வழியில்லாமல் கட்டிக்கொள்வது நல்லது.

கழற்றுவதில் ஒரு தொல்லை உண்டு. இழுபட்ட கயிறு விரல்களைத் தாண்டியதும் கருவி கவண்கல்லாகப் பறக்கும். படகின் விளிம்புக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டு கழற்றினால், கடலுக்குள் தொலையாதது கடலுக்கு மேலே தொலையும்.

திசைகாட்டிக்கு இதே கட்டுதான். சுந்தோ போன்ற நிறுவனங்களின் வட்டமான திசைகாட்டியை உட்காரவைக்க நான்கு துளையுள்ள பிளாஸ்டிக் தட்டுகள் கிடைக்கின்றன. கருவி சாய்ந்தால் உள்ளே சுழலும் திசைத்தட்டு உரசி நின்றுவிடும் என்பதால், ஆழமானியைவிடத் திசைகாட்டிக்குத்தான் புரளாமல் இருப்பது முக்கியம்.

மட்டக்களப்புக் கடலில் எச்எம்எஸ் ஹெர்மிஸ் கிடக்கிறது. விமானந்தாங்கிக் கப்பலாகவே திட்டமிட்டு வடிவமைக்கப்பட்டுக் கட்டத் தொடங்கப்பட்ட முதல் கப்பல். 1924இல் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசி மூழ்கடித்தபோது அதில் ஒரு விமானம்கூட இல்லை. 307 பேர் இறந்தார்கள். அதே நாளில் அதன் துணைக்கப்பலான ஆஸ்திரேலியாவின் வேம்பயரும், எண்ணெய்க்கப்பலான பிரிட்டிஷ் சார்ஜன்ட்டும் இதே கரையோரம் மூழ்கின. சார்ஜன்ட் பாசிக்குடாப் பக்கம், சாதாரணப் பயிற்சி பெற்ற சுழியோடிகளும் போய்வரக்கூடிய ஆழத்தில் இருக்கிறது. ஹெர்மிஸ் அப்படியல்ல. மணல்தரை 53 மீட்டரில். அழுத்தம் 6 பாருக்கு மேல்.

அந்த ஆழத்தில் இருபது நிமிடம் இருந்துவிட்டால் நேராக மேலே வர முடியாது. கணினி சொல்லும் ஆழங்களில், சொல்லும் நேரம், நின்று நின்று வர வேண்டும். கீழே கப்பலில் இருக்கும்போது பார்க்க ஆயிரம் இருக்கிறது: சாய்ந்து கிடக்கும் பெரும் எஃகுச் சுவர், பாசியும் கடற்சிப்பியும் மூடிய பீரங்கி, மேலே மேகம்போல நகரும் மீன்கூட்டம். ஏறும்போது பார்க்க ஒன்றும் இல்லை. நாலாபக்கமும் நீலம். ஆழம் இதுதான் என்று சொல்ல ஒரு பாறையோ தரையோ கிடையாது. நீரோட்டம் இழுக்கும், ஒரு கையால் ஏறும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொடிபோலப் பறந்தபடி, மற்றக் கையின் மணிக்கட்டை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டிருப்பதுதான் அந்த அரைமணி நேரத்து வேலை. 6 மீட்டர், 6.3, 5.8, 6. அந்த எண் இல்லாவிட்டால் நான் எங்கே இருக்கிறேன் என்பதே தெரியாது.

அப்படி ஒரு முறை ஏறி, படகில் உட்கார்ந்து, கருவியைக் கழற்றக் கை வைத்தபோது இழுவை வழக்கத்தைவிட லேசாக இருந்தது. விரல்பக்கத்துக் கயிறு அறுந்திருந்தது. முடிச்சுக்கு அருகே, துளையின் விளிம்பில் உரசும் இடத்தில், உறை கிழிந்து உள்ளிருந்த ரப்பர் இழைகள் வெளிறிய வேர்கள்போல் விரிந்து கிடந்தன. எப்போது அறுந்தது? கப்பலின் எஃகு விளிம்பில் கை உரசியபோதா, ஏறும்போதா, படகு ஏணியிலா? தெரியவில்லை. மேலே வரும்வரை கருவி அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது, நானும் பார்த்துக்கொண்டே வந்தேன், ஒன்றும் தோன்றவில்லை. படகுக்காரர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது அறுந்தபிறகும் விழவில்லையா தம்பி?" என்றார். "மற்றது இருக்கிறதே அண்ணன்" என்றேன். அவருக்கு அதில் வியப்பதற்கு ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை, தேநீரை நீட்டினார்.

கயிறு கருவியைக் காக்கும், கருவி கெடாமல் காக்காது. மின்கலம் தீரும், திரை உடையும், மென்பொருள் உறையும். 50 மீட்டருக்கு இறங்குகிறவர் இரண்டாவது கணினியும், நிறுத்தங்களை எழுதிய பலகையும் இல்லாமல் இறங்குவதில்லை. அந்த இரண்டாவது கணினியையும் இரண்டு கயிற்றில்தான் கட்டியிருப்பார்.

கடிகார வடிவக் கருவிகளை விரும்புகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. கரைக்கு வந்தபிறகும் கையிலேயே கட்டிக்கொண்டு உணவகத்துக்குப் போகலாம். எலாஸ்டிக் கயிற்றில் செங்கல் அளவு கருவியைக் கட்டிக்கொண்டு யாரும் போவதில்லை. அவற்றின் பின்னைக் கழற்றிவிட்டு, கயிறு கோக்கத் தோதான இணைப்புகளைப் பொருத்தலாம். பல கருவிகளுக்குத் தயாராகவே விற்கிறார்கள். கனடாவின் ஷியர்வாட்டர் நிறுவனத்தின் பெட்ரல், பெர்டிக்ஸ் போன்றவற்றில் துளைகள் உடம்பிலேயே இருக்கின்றன. பெர்டிக்ஸில் பட்டையும் மாட்டலாம், கயிறும் மாட்டலாம். கயிறு பிடிக்காதவர்கள் குறைந்தபட்சம் பின்னை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், பளபளவென்று இருந்தாலும்.

கயிற்றுக்கும் அதே ஆண்டுக்கணக்குதான். ரப்பரைக் கெடுப்பது வெயில், சூடு, காற்றிலுள்ள ஓசோன், எண்ணெய். படகின் தரையில் தேங்கும் டீசல் கலந்த தண்ணீரில் கருவியைப் போடக் கூடாது. காரின் முன்கண்ணாடிக்குக் கீழே காயவைக்கக் கூடாது. நன்னீரில் அலசி நிழலில் தொங்கவிட்டால் போதும். உறை பஞ்சுபோல் பிசிறத் தொடங்கினாலோ, கயிறு தளர்ந்த நிலையில் நெளிநெளியாக நின்றாலோ, உள்ளே இழைகள் செத்துவிட்டன என்று பொருள். பழைய கருவியை யாரிடமிருந்தாவது வாங்கினால், திரையில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன் கயிற்றை அவிழ்த்துக் குப்பையில் போடுங்கள். அது எத்தனை வெயில் பார்த்தது என்று விற்றவர் சொல்லப்போவதில்லை.

என் உபகரணப் பெட்டியில் இரண்டு கயிறு எப்போதும் தயாராக இருக்கும்: ஒரு முனையில் முடிச்சுப் போட்டு, மறுமுனை உருக்கி, நீளத்துக்கு அடையாளமாகப் பேனாக்கோடு போட்டு. படகிலேயே ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். வீட்டிலேயே உருக்கி வைப்பதற்குக் காரணம் உண்டு, இந்திய விமான நிலையங்களில் லைட்டர் கொண்டுபோக விடமாட்டார்கள். மறந்து உருக்காமல் போனாலும் பரவாயில்லை. கடற்கரைத் தேநீர்க் கடை எதிலும் லைட்டர் கேட்டால் தருவார்கள். குறடு மட்டும் கொண்டுபோங்கள், பெட்டியில் வைத்து சரக்கோடு அனுப்பிவிட வேண்டும்.